யானை நடைக்கு இரண்டு கணினி

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் ட்யூன் அக்கா. அச்சகத்தில் பில் அடித்துக்கொண்டிருந்தவள். அச்சகம் கணினிகளை மாற்றியபோது பழையதில் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, மாடியறையில் வைத்து, இசை மென்பொருளை ஏற்றி, தட்டித் தடவித் தானே கற்றுக்கொண்டாள். கறுத்துப் பெருத்த பெட்டி. பக்கத் தகடு எப்போதும் கழன்றே இருக்கும். உள்ளே காற்றுப் போக மேசை விசிறி ஓடும். எருமை என்று அதற்குப் பெயர் வைத்தவன் தம்பி.

தம்பியிடம் இருந்தது வேறொரு கம்பெனியின் மெல்லிய மடிக்கணினி. மூச்சுச் சத்தம்கூட வராது. திரையில் எல்லாம் ஒரே ஜன்னலுக்குள் அடுக்கிவைத்தாற்போல் இருக்கும். அக்காவின் திரையிலோ ஏழெட்டு ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஆனால் எது எங்கே கிடக்கிறது என்று அவள் கைக்குத் தெரியும். தம்பியின் கணினிக்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை.

"தூசி படக் கூடாது, பழைய வயர் ஆகாது, எதுக்கெடுத்தாலும் தனியா ஒரு சாமான் வாங்கித் தரணும். வேற என்ன பேரு வைக்கறது?"

அதுவரை அவள் செய்ததெல்லாம் கடை விளம்பரங்கள். மெட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் ஒரு குரல் குறுக்கே புகுந்து, கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருப்பதாகச் சொல்லிவிடும். இப்போதுதான் பொம்மலாட்டக்கார அம்மாள் ஒருவர், யானை மேடைக்கு வரும் காட்சிக்கு இசை கேட்டிருந்தார். பிடித்துவிட்டால் முழு ஆட்டமும் அவளுக்கே. யாரும் குறுக்கே பேசாத முதல் இசை.

அம்மாள் பொம்மையோடு வருவார். நடக்கவிட்டுப் பார்த்து, வேகத்தைக் கூட்டு, குறை என்பார். ஆகவே பதிவுசெய்து வைத்த பாட்டு உதவாது. வாத்தியங்கள் கணினிக்குள் அப்போதே ஓட வேண்டும். அவர் வருவதாகச் சொன்ன அன்று காலை எல்லா வாத்தியமும் சேரும் இடத்தில் எருமை விக்கியது. ஒலி சற்றுப் பிந்தினாலும் போகட்டும் என்று, கொஞ்சம் சேர்த்துவைத்து வெளியே விடும்படி அமைத்துப் பார்த்தாள். அப்படியும் விக்கியது.

"படுத்துடுச்சா?" என்றான் தம்பி.

"வாயை மூடிட்டு உன் மாப்பிள்ளையைத் தூக்கிட்டு வா."

மாப்பிள்ளையில் பாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. முரசை மட்டும் காணோம். அந்த முரசு மென்பொருளை எருமை இனத்துக்கு மட்டுமே செய்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை வந்தாச்சு, மேளம் எங்கடா?"

அதற்குள் படியில் அம்மாளின் காலடி கேட்டது. வேறு வழியில்லை. முரசு எருமையில், மற்றதெல்லாம் மாப்பிள்ளையில். இருவரும் ஒரே நேரத்தில் விசையைத் தட்டுவதென்று முடிவாயிற்று.

அம்மாள் யானையைக் கயிற்றில் தொங்கவிட்டு மேசைமேல் நிறுத்தினார். அக்கா தலையசைத்தாள். இருவரும் தட்டினார்கள். குழல்கள் எழுந்தன, யானை காலை ஊன்றியது, முரசு ஒரு நூலிழை பிந்தி விழுந்தது. அடுத்த அடியும் அப்படியே. ஒலியைச் சேர்த்துவைத்து விடும்படி காலையில் எருமையில் மாற்றிய அமைப்பைப் பழையபடி வைக்க மறந்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. நிறுத்தக் கை நீட்டினாள்.

"நிறுத்தாதே!" என்றார் அம்மாள். கண் யானையின் காலிலேயே இருந்தது. "பாரு, காலை வச்சப்புறம்தான் தரை அதிருது. இப்பதான் இது யானை. இவ்வளவு நாளும் தலகாணியைத்தான் நடக்கவிட்டேன்."

"அது தப்பா வந்துடுச்சும்மா. ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

"சரி பண்ணினா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்!"

தம்பிதான் முதலில் சிரித்தான். பிறகு மூவரும் சிரித்தார்கள். யானை கயிற்றில் குலுங்கியது.

"முழு ஆட்டமும் நீயே பண்ணு" என்று சொல்லிக்கொண்டே அம்மாள் பைக்குள் கைவிட்டு ஒரு காக்கைப் பொம்மையை எடுத்து மேசைமேல் தத்தவிட்டார். "இது நடக்காது, தத்தும்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னொரு தடவை தத்த விடுங்கம்மா" என்றாள்.