ஆமத்தூர் வேனில் ஒரு கேள்வி

சாயங்காலம். பஸ்ஸைத் தவறவிட்டு, ஆமத்தூரில் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிக்கொள்கிறேன். வேலை முடிந்து திரும்பும் பெண்களின் காதோரம் வெள்ளிப் பவுடர் மினுங்குகிறது.

என் பையில் தொங்கும் விமான நிலைய லக்கேஜ் அட்டையைப் பார்த்து, பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர்ப் பேச்சியக்கா, "வெளிநாட்டுலருந்தா வாறீக? அங்க என்ன சோலி?" என்கிறார்.

"லீவுல காலேஜ்ல படிக்க அனுப்புனாங்கக்கா. ஆம்பள பொம்பள உடம்பு, ஆசை, அதப் பத்தி." என் குரல் தாழ்கிறது.

அவர் குரல் தாழவில்லை. "அப்பச் சொல்லுங்க. மாசவெலக்கு நின்ன பெறகும் ஆசை வருமா?"

பின்சீட்டுப் பெண்கள் முன்னால் சாய்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் வகுப்பில் இப்படிப்பட்ட கேள்விகளை நாங்கள் பெயர் எழுதாமல் பெட்டியில் போட்டோம். இங்கே கேட்பவர் என் கண்ணைப் பார்க்கிறார்.

"வரும்க்கா. அது இயல்புதான்."

பேச்சியக்கா பின்சீட்டுப் பக்கம் திரும்புகிறார். "கேட்டீகளாடி? நமக்கு ஒரு கோளாறும் இல்ல!"