கப்பலை உரசாமல் போன கண்ணி

கிறிஸ்துவில் பிரியமான சகோதரங்களே, இனிப் பிழைக்க மாட்டேன் என்று நான் நம்பிய ஒரு காலைப்பொழுதைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

மன்னாரிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் மகள் நான். டுசல்டோர்ஃபில் பிறந்தேன். ஜெர்மன் கடற்படையில் சேர்ந்து, கப்பல் தொட்டால் வெடிக்கும் கடற்கண்ணிகளைத் தேடி அகற்றும் கண்ணிவாரிக் கப்பலில் வேலை செய்தேன். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

“கடல் தாண்டி உயிர்தப்பி வந்த சனம் நாங்கள். நீ திரும்பவும் கடலுக்கோ போறாய்?” என்று அழுதார்.

ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு இனிக்கிறது. டீசலும் கோப்பியும் கலந்து மணக்கும் குட்டிச் சமையலறை. என்னோடு காவல் நின்ற அன்யாவின் பெரிய சிரிப்பு. குளிரில் நாங்கள் மாறி மாறிப் போட்டுக்கொண்ட ஒரே சோடிக் கையுறை.

அது போர் நடந்த கடல். எந்தக் கடல் என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை. மருந்தும் கோதுமையும் ஏற்றிய மூன்று கப்பல்களுக்குக் காவலாக முன்னே போய்க்கொண்டிருந்தோம். கார்த்திகை மாதம், நல்ல மழை. அறுந்த மீன்வலை ஒன்று எங்கள் கப்பலைத் தள்ளும் சுழலியில் சிக்கி, இயந்திரம் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்களை விலகச் சொன்னோம். அப்போதுதான் கண்டேன். அலையில் ஏறி இறங்கும் ஒரு கறுப்பு உருண்டை. கண்ணி! சுட முடியாத அளவுக்குக் கிட்ட இருந்தது. காற்றோ எங்களை அதன்மேலேயே தள்ளியது.

எல்லோரையும் மறுபக்கம் ஓடச் சொன்னார் கப்டன். “மாதாவே, இந்தப் பிள்ளையளைக் காப்பாத்தும்” என்று தமிழில் முணுமுணுத்தேன்.

கடவுள் இல்லை என்று எப்போதும் வாதாடும் அன்யா என் கையை இறுகப் பிடித்தாள். “சத்தமாகச் சொல்லு. எனக்கும் சேர்த்துச் சொல்லு” என்றாள் ஜெர்மனில்.

சத்தமாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்று திசை மாறியது. கப்பலின் முன்புறம் மெல்லத் திரும்பியது. கண்ணியில் ஒட்டியிருந்த சிப்பிகள்கூடத் தெரியுமளவு கிட்டவாக, அது எங்களைக் கடந்து போனது.

பிறகு சுழியோடிகள் நீருக்குள் இறங்கி வலையை அறுத்தார்கள். கண்ணி தூரத்தில் வெடிக்க வைக்கப்பட்டது. மூன்று கப்பல்களும் துறைமுகம் சேர்ந்தன.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததை இன்னும் சொல்லவில்லை.

“பிள்ளை, சுகமா இருக்கிறியோ? காலமை முழுக்க முழந்தாளில இருந்தனான். ஏனெண்டு எனக்கே தெரியேல்லை” என்றார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

இப்போது கரையில்தான் வேலை. முன்பு கடமைக்குச் செபித்தவள், இன்று நன்றி சொல்லாமல் ஒரு நாளையும் தொடங்குவதில்லை. உங்களுக்கும் இன்று ஏதோவொரு பயம் இருக்கலாம். ஆண்டவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அழகாகச் சொல்ல வராவிட்டாலும் பரவாயில்லை, வருகிற தமிழில் கேளுங்கள். அவருக்கு விளங்கும்.