கவுண்டரைப் பார்த்திருந்த திரை

அமரவிளை ரோட்டோரத்தில் நான் வேலை பார்க்கும் டைப்பிங், போட்டோகாப்பி கடையில் கம்ப்யூட்டர் திரை, டைப் செய்கிறவரைப் பார்த்து இருக்காது. கவுண்டரைப் பார்த்து இருக்கும். மரண அறிவிப்பு அடிக்க வருகிறவர்கள் நின்றபடியே பெயர்களைச் சரிபார்க்க வேண்டும். மூத்த மருமகன் பெயர் இளையவர் பெயருக்குக் கீழே போய்விட்டால் அடக்க ஆராதனைக்கு முன்பே சண்டை வந்துவிடும். அதனால் முதலாளி திரையைத் திருப்பி வைத்திருந்தார். டைப் செய்யும் பெண் நாள் முழுவதும் கழுத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தாள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். போட்டோகாப்பி, லாமினேஷன், கல்யாணக் கார்டு மடிப்பது என் வேலை. அவள் தமிழும் மலையாளமும் ஒரே வேகத்தில் அடிப்பாள். அரசு வேலைக்கான டைப்பிங் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். வயது வரம்பு முடியப்போவதால் அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

ஓணத்துக்கு முன்பு பேப்பர் கட்டு தூக்கி எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நெய்யாற்றின்கரையில் பிசியோதெரபிக்குப் போனேன். அங்கே சுவரில் ஒரு படம். கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பேர். ஒருவருக்குத் திரை கண்ணுக்கு நேரே, முழங்கை மேசை மட்டத்தில், பாதம் தரையில். மற்றவர் கழுத்தைத் திருகி, மணிக்கட்டை மடக்கி உட்கார்ந்திருந்தார். அவர்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அடியில் இருந்த ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதம் அவளுடையதுதான்.

நான் பார்ப்பதைக் கண்டு சிகிச்சை செய்தவர் சொன்னார். "கழுத்து திரிஞ்சே இருந்தா கைவிரல் மரத்துப்போவும். அரை மணிக்கூறுக்கு ஒருக்க எந்திரிச்சு நடந்தாலே பாதி கொறையும் ஆக்கும்."

அவளிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெண் எப்படி உட்காருகிறாள் என்று கவனிக்கிறவன் என நினைத்துவிட்டால்? சொல்வதை விட்டுவிட்டேன். மறுநாள் அவள் வருமுன் திரையை நேராக்கி, அடியில் ஒரு பேப்பர் கட்டை வைத்தேன்.

"இத யாரு இஞ்ச வச்சது? அண்ணனா?"

"மறந்து வச்சுப்போட்டேன்."

"கொள்ளாம். நாளைக்கு என்னை எடுத்து லாமினேஷன் மெஷினுக்க உள்ள மறந்து வச்சிராதீரும்." சிரித்துக்கொண்டே கட்டை எடுத்துத் தந்தாள். பிறகு முதலாளி வந்து திரையைப் பழையபடி திருப்பினார். நான் கார்டு மடிக்கப் போய்விட்டேன்.

கிறிஸ்துமஸ் நேரத்தில் சபை நோட்டீசுகள் குவிந்தன. அவள் வலது கையை அடிக்கடி உதறுவதைப் பார்த்தேன். ஒருநாள் டீ கிளாஸ் நழுவி விழுந்தது. கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது, இரண்டு மாதம் டைப் செய்யக்கூடாது என்றார் டாக்டர். தேர்வு ஜனவரியில். அவள் போனாள். பாதிப் பக்கம் அடிக்கும்போதே விரல் நின்றுவிட, எழுந்து வந்துவிட்டாளாம். கடைக்கும் வரவில்லை.

மார்ச்சில் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் போட்டோகாப்பி எடுக்க வந்தாள். வேறு யாரும் இல்லை. மெஷினைப் பார்த்தபடியே அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"எப்பம் பாத்தீரு?"

"ஓணத்துக்கு முந்தி."

மெஷினிலிருந்து கடைசித் தாளும் வந்து விழுந்தது.

"அப்பம் சொல்லியிருந்தா கேட்டிருப்பேனான்னு எனக்கே தெரியேல்ல" என்றாள். "ஆனா சொல்லியிருக்கலாம் அண்ணா."

தாள்களை இடது கையால் வாங்கினாள். பை வாயைத் திறக்க வலது கைக்கு முடியவில்லை. நான் பிடித்துக்கொடுக்கலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவளே பையைக் கவுண்டரில் சாய்த்துத் திறந்து, தாள்களை உள்ளே வைத்துவிட்டாள்.