மரகதம் முட்டையிட்ட வருடம்

1. முதல் நாள்

லண்டனில் சட்டன் பகுதியில் இருக்கும் அந்தக் கடைக்கு நான் வேலை கேட்டுப் போகவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் கிளீனிங் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பாம்பு தோல் உரித்துக்கொண்டிருந்தது. மழை விட்டதும் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கடைக்காரர் கதவைத் திறந்தார். என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"உள்ளுக்கு வந்து வடிவாப் பாரும். பாம்பெண்டாப் பயமோ?"

"வன்னியில பங்கருக்குள்ள பாம்போட இருந்திருக்கிறன் அண்ணை. வெளியில செல் விழுது. அது ஒரு மூலையில, நாங்கள் ஒரு மூலையில. அது எங்களை ஒண்டும் செய்யேல்லை."

அவர் கதவை அகலத் திறந்து பிடித்தார். பிறகு, "எனக்கு ஓராள் தேவை. திங்கட்கிழமை வாறீரோ?" என்றார்.

அவர்தான் நாதன் அண்ணை. ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். கூட வந்தவர்கள் பலசரக்குக் கடை போட்டார்கள், இவர் பாம்பும் பல்லியும் விற்கும் கடை போட்டார்.

முதல் நாள் எனக்குத் தந்த வேலை, பாம்புகளுக்குத் தீனியாக உறைந்த எலிகளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இளக்குவது. வீட்டுக்கு வந்ததும் என் கணவர் குகன் வாசலிலேயே மறித்தார். அவர் மினிகாப் டாக்சி ஓட்டுபவர். டிவியில் பாம்பு வந்தால் சானலை மாற்றுகிற ஆள்.

"கையைக் கழுவினனீரோ?"

"நல்லாக் கழுவிப்போட்டன்."

"இன்னொருக்காக் கழுவும். கோயிலில ஆரும் கேட்டா பெட் ஷொப் எண்டு மட்டும் சொல்லும், என்ன?"

2. மரகதம்

கடையில் விற்பனைக்கு இல்லாத பாம்புகள் இரண்டு இருந்தன. வட வியட்நாம் மலைக்காட்டுச் சாரை இனத்தில் ஒரு சோடி. நல்ல இலைப்பச்சை. மூக்கு நுனியில் செதில் மூடிய சின்னக் கொம்பு. அந்தக் கொம்புக்காகக் காண்டாமிருகத்தின் பெயரைச் சேர்த்து 'ரைனோ' என்று சொல்வார்கள். விஷம் கிடையாது. லண்டனில் வளர்ப்பவர்கள் குறைவு, குட்டி எடுத்தவர்கள் அதிலும் குறைவு. பெண்ணுக்கு அண்ணை மரகதம் என்று பெயர் வைத்திருந்தார். ஆணை 'மாப்பிள்ளை' என்போம்.

பாம்பென்றால் சூடு வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இந்த இனத்துக்குச் சூடு ஆகாது. வெயில் காலத்தில் மற்றப் பாம்புகளின் கண்ணாடிக் கூடுகளான விவேரியங்களுக்கு லைட் போட்டுவிட்டு, இதற்கு மட்டும் ஃபேன் போடுவோம். பனிக்காலத்தில் இன்னும் குளிர வைத்து, வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும். அப்படி ஓய்வெடுத்தால்தான் வசந்தத்தில் இணை சேரும். அண்ணை வருடக்கணக்காக முயன்றுகொண்டிருந்தார். ஒன்றில் இணை சேராது, இல்லாவிட்டால் சேர்ந்தாலும் கருவில்லாத வெறும் முட்டையாக இருக்கும்.

அந்த வருடம் சேர்ந்தன. மரகதத்தின் பின்வயிறு திரண்டு வந்தது. அண்ணை காலையில் வந்து ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நிற்பார். ஈரப் பாசி நிரப்பி முட்டைப் பெட்டி ஒன்றை உள்ளே வைத்தோம். முட்டையிட முன் உரிக்கிற தோலையும் அது உரித்துவிட்டது.

அந்த வாரம்தான் அண்ணைக்கு நெஞ்சுவலி வந்தது. பைபாஸ் செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துவிட்டார்கள். கடைத் திறப்புக் கொத்தை என்னிடம் தந்துவிட்டு அவருடைய மனைவி சாந்தி அக்கா சொன்னார்: "கௌரி, கடையைப் பற்றி அவருக்கு ஒண்டும் சொல்லிப்போடாதையும். ஒப்பரேசன் முடியட்டும்."

3. இறங்காத முட்டைகள்

ஒப்பரேசன் நாள் காலையில் கடையைத் திறந்தேன். பாசிக்குள் ஆறு வெள்ளை முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சந்தோசத்தில் இரண்டு தடவை எண்ணினேன். மேற்பக்கத்தில் பென்சிலால் அடையாளம் போட்டு, புரளாமல் இன்கியூபேட்டருக்கு மாற்றினேன். பிறகுதான் மரகதத்தைப் பார்த்தேன். வாலுக்குக் கொஞ்சம் மேலே இரண்டு கட்டிகள் அப்படியே இருந்தன.

மாலைவரை பொறுத்தேன். அது முக்கும், சுருளும், ஓய்ந்து கிடக்கும். அடுத்த நாள் முக்குவதையும் விட்டுவிட்டது. முட்டை உள்ளே தங்கினால் பாம்பு செத்துப்போகும் என்று அண்ணை சொல்லியிருக்கிறார். கேட்க அண்ணை இல்லை. அவர் ஐசியூவில் இருந்தார்.

பாம்பு பார்க்கும் வெட், அதாவது மிருக வைத்தியர், பக்கத்தில் இல்லை. அன்றைக்குப் பார்த்து ரயிலும் ஓடவில்லை. குகனுக்கு போன் செய்தேன்.

"இஞ்சேருங்கோ, ஒரு நோயாளியைக் கொண்டுபோக வேணும். காரோட வாறியளோ?"

"ஆர்? நாதன் அண்ணையோ?"

"மரகதம்."

'ஏலாது' என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். "வாறன்" என்றார்.

துணிப்பையில் கட்டி, மூடியுள்ள பெட்டிக்குள் வைத்துப் பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டேன். குகன் கண்ணாடியில் ரோட்டைப் பார்த்ததைவிடப் பெட்டியைப் பார்த்ததுதான் கூட.

"நல்லாப் பூட்டினனீரோ?"

"ஓம்."

"பிறகேன் ஆடுது?"

"நீங்கள் பிரேக் அடிக்கிறியள், அதுதான் ஆடுது."

ரோட்டு வேலை நடந்த ஓரிடத்தில் வாகனங்கள் நகரவே இல்லை. குகன் கேட்டார், "அதுக்கு நல்லா நோகுமோ?" நான் பெட்டியை அணைத்துப் பிடித்தேன். அதற்குப் பிறகு பிரேக்கை மெல்லமாகத்தான் அடித்தார்.

கிளினிக்கில் வெட் டாக்டர் எம்மா ஸ்கான் செய்தார். இரண்டு முட்டையும் உள்ளே ஒட்டிப்போய் இருந்தன. அவர் ஆங்கிலத்தில் ஆறுதலாக விளக்கினார்: "வயிற்றைத் திறந்து எடுக்கலாம். ஆனால் இவள் களைத்துப்போயிருக்கிறாள், தாங்குவாளோ தெரியாது. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஊசி போட்டு முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சி எடுக்கலாம். முட்டை சுருங்கினால் தானாக வெளியே வரும். உள்ளே கசிந்தால் கிருமி பிடிக்கும். வேறு பாம்புகளுக்கு இதைச் செய்திருக்கிறேன். இந்த இனத்துக்குச் செய்ததில்லை. முடிவை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னபடியால்தான் எனக்கு அவரில் நம்பிக்கை வந்தது. "ஊசியே போடுங்கள்" என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து கதிரையில் இருந்தேன். குகன் மெஷினில் தேத்தண்ணி எடுத்துவந்து தந்தார்.

ஒரு முட்டை அங்கேயே வந்துவிட்டது. மற்றது வரவில்லை. அன்டிபயோட்டிக் தந்து, வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நான் மரகதத்தைக் கடையில் தனியே விடவில்லை. எங்கள் ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுவந்தேன். குகன் அந்த அறைக் கதவைத் திறக்கவில்லை. ஆனால் வேலைக்கு இடையில் போன் எடுத்து, "வந்திட்டுதோ?" என்று கேட்டபடி இருந்தார்.

மூன்றாம் நாள் காலை, சுருங்கிய இரண்டாவது முட்டையும் வெளியே கிடந்தது. மரகதம் தண்ணீர்க் கிண்ணத்தில் தலையை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

4. அண்ணையின் கட்டில் பக்கம்

அண்ணை வீட்டுக்கு வந்த பிறகு போய்ப் பார்த்தேன். கேட்காமல் முடிவெடுத்ததற்கு ஏசுவார் என்று பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மரகதத்துக்குத் தையல் போட்டவையோ?"

"இல்லை அண்ணை. ஊசி மட்டும்தான்."

தன் நெஞ்சுத் தையலை மெல்லத் தடவினார். "அப்ப என்னைவிட அது சுகமாத் தப்பியிருக்கு" என்று சிரித்தார். சிரித்தால் நோகும் என்று சாந்தி அக்கா எங்கள் இருவரையும் ஏசினார்.

இரண்டு மாதம் போல் சென்று ஆறு முட்டைகளில் நான்கு குஞ்சுகள் பொரித்தன. பச்சை இல்லை, சாம்பல் நிறம். வளர வளரத்தான் பச்சை வரும். அப்போதுதான் பிறந்த எலிக்குஞ்சு வைத்தால் ஒன்றும் தொடவில்லை. அண்ணை சாய்ந்து படுத்தபடியே ஜேர்மனியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்தார். கடைசியில் ஒருவர், "காட்டில் இவை ஓடைக்கரையில் வாழ்பவை. மீன் வைத்துப் பாருங்கள்" என்றாராம். தட்டையான கிண்ணத்தில் குட்டிக் கப்பி மீன்களை விட்டேன். ஒரு குஞ்சு கிளையில் தொங்கியபடி தலையை நீட்டி, ஒரே எட்டில் பிடித்தது. வீடியோ எடுத்து அனுப்பினேன். அண்ணை அதைத் தன்னைப் பார்க்க வந்த நர்சுக்கும் காட்டினாராம்.

5. அடுத்த வசந்தம்

அண்ணை திரும்ப வேலைக்கு வந்தார். குஞ்சுகளை வைத்துப் பார்க்கக்கூடியவர்களிடம் கொடுத்தோம். பனிக்காலம் முடிந்ததும் எத்தனையோ பேர் அடுத்த குஞ்சுகளுக்குப் பெயர் பதிந்தார்கள். அண்ணை என்னிடம் கேட்டார்.

"கௌரி, மரகதத்தோட மாப்பிள்ளையை விடுவமோ?"

நான் மரகதத்தை எடுத்துக் கையில் ஓடவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் முதுகெலும்பின் இரு பக்கமும் முன்னைய சதைப்பிடிப்பு இல்லை.

"இந்த வருசம் வேண்டாம் அண்ணை. அது இன்னும் தேறேல்லை."

வருடக்கணக்காக இதற்குக் காத்திருந்த மனிதர். அவர் என்னோடு வாதாடியிருக்கலாம். மரகதத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். "சரி, நீர் சொன்னாச் சரி" என்றார். காத்திருந்தவர்களுக்குத் தானே போன் எடுத்து, இந்த வருடம் இல்லை என்று சொன்னார்.

அரிய பாம்பு வளர்க்கப்போகிறோம் என்று கடைக்கு வரும் இளம் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வெட் யார் என்றுதான். அடுத்ததாக, குஞ்சு எடுக்காமல் ஒரு வருடம் சும்மா விடுவதும் இந்த வேலையில் ஒரு வேலை என்று சொல்வேன். அதை எனக்குத் தெரியவைத்தவர் அண்ணை. அன்றைக்கு அவர் என் சொல்லைக் கேட்டார். அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்: நன்றி, அண்ணை.