அடி அண்ணாமலையில் நான் மொழிபெயர்க்காமல் விட்டது

இந்த மே மாதம் இரண்டாவது வாரம் திருவண்ணாமலைக்குப் போய்வந்தேன். இந்த வெயிலில் யாராவது அங்கே போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். கிரிவலத்துக்கும் போகவில்லை, தரிசனத்துக்கும் போகவில்லை. ஒரு பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

கோயம்பேட்டில் காலை ஐந்தரைக்குப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழியாக 190 கிலோமீட்டர், கட்டணம் எழுபத்தைந்து ரூபாய். வலப்பக்க இருக்கையைப் பிடியுங்கள், திண்டிவனம் வரை வெயில் இடப்பக்கம்தான் அடிக்கும். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை முழுதாகத் தெரிந்தது. பத்தே முக்காலுக்கு இறங்கினேன். அடி அண்ணாமலைக்கு எண்பது ரூபாய்க்கு ஆட்டோ கிடைத்தது.

"பௌர்ணமி இல்லாத நாள்ல வந்திருக்கீங்களே சார்?" என்றார் ஓட்டுநர். "வேலை இருக்கு" என்று சொல்லிவைத்தேன்.

போன வருடம் தை மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ரமணாசிரமம் பகுதியில் பத்து நாள் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அந்தத் தெருக்களில் 'எகலாஜிக்கல்' என்ற சொல் எங்கும் தொங்கும். சோப்பு எகலாஜிக்கல், துணிப்பை எகலாஜிக்கல், விடுதிப் பலகையிலும் எகலாஜிக்கல். நானும் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிப் பழக்கமானவர்தான் ஹெல்கா. ஜெர்மனியிலிருந்து வந்து மூன்று வருடமாக வாடகை அறையில் இருப்பவர். நண்பர்களோடு சேர்ந்து அடி அண்ணாமலைக்கு மேலே உள்ள சரிவில் மரக்கன்று நட்டு, சுற்றி வேலி போட்டிருந்தார். ஊர்க்காரர்களோடு பேச வேண்டும், மொழிபெயர்க்க வர முடியுமா என்று கேட்டார். பெருமையாகப் போனேன்.

அங்கே என் வயதுள்ள, நாற்பதை ஒட்டிய ஒரு பெண்மணி எழுந்து பேசினார். பெயர் மல்லிகா. கூரை வேயப் புல் அறுப்பவர்.

"கன்னு நட்டதுக்குக் கீழ, ஒரு பட்டை மாதிரி புல்ல அறுத்துடணும் சார். தை முடியறதுக்குள்ள அறுத்துட்டா, கோடையில நெருப்பு வந்தாலும் அதத் தாண்டி மேல ஏறாது. அறுத்தது எங்களுக்குக் கூரைக்கு ஆவும். மேல புல்லு இருக்கிறதால முசலு, காடை எல்லாம் அங்க தங்கிக்கும். ஒண்ணு வுட்டா ஒண்ணு கெட்டுடும் சார்."

இன்னும் சொன்னார். மணி ஒன்று ஆகியிருந்தது, எனக்குப் பசி. சுற்றிச் சுற்றிப் பேசுகிறார் என்று தோன்றியது. ஹெல்காவிடம் ஒரே வரியில் முடித்தேன்: "இவருக்குக் கூரைக்குப் புல் வேண்டுமாம்."

வேலிக்குள் எதையும் அறுக்காமல் விட்டால்தான் காடு திரும்பும் என்றார் ஹெல்கா. நான் மல்லிகாவிடம் திரும்பி, "எகலாஜிக்கலா அது சரிப்படாதாம்" என்றேன்.

"அப்படின்னா இன்னா சார்?"

"சுற்றுச்சூழல் விஷயம். சொன்னா உங்களுக்குப் புரியாது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

இந்தச் சித்திரையில் சரிவு எரிந்துவிட்டது. தீ எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இடுப்பளவு காய்ந்த புல்லில் ஓடி, கன்றுகளில் பாதிக்கு மேல் கருக்கிவிட்டதாக ஹெல்கா மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். படித்ததும் மல்லிகா சொன்னதில் ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது. மூன்று நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

மல்லிகாவை ஊருக்கு வெளியே ஒரு கொல்லையில் கண்டுபிடித்தேன். செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். மல்லாட்டை என்றால் இந்தப் பக்கம் நிலக்கடலை. நின்றபடியே சொல்லிவிட்டேன், அவர் சொன்னதை நான் ஹெல்காவிடம் சொல்லவே இல்லை, மன்னிக்க வேண்டும் என்று.

அவர் கை நின்றது. "நீங்க சொல்லவே இல்லயா? கேட்டுட்டுத்தான் வேணாம்னாங்கனு நெனச்சேன். அன்னையிலேர்ந்து நான் எந்தக் கூட்டத்துலயும் வாயத் தொறக்கல சார். நமக்கு இன்னா தெரியும்னு வுட்டுட்டேன்."

கன்றுகள் எரிந்ததைவிட இது மோசமாக இருந்தது. என்னோடு வந்து ஹெல்காவிடம் பேசுவீர்களா என்று கேட்டேன். வேலை முடியட்டும் என்றார். நானும் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆய்ந்தேன். அவர் ஆய்ந்ததில் கால்வாசிகூட நான் ஆயவில்லை.

மாலை நாலு மணிக்கு ஹெல்காவின் அறையில் மல்லிகா எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். இந்த முறை வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி மொழிபெயர்த்தேன். ஹெல்கா நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு நிமிர்ந்து மல்லிகாவைப் பார்த்து, இதை ஏன் போன வருடமே சொல்லவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இன்னா கேக்குறாங்க?" என்றார் மல்லிகா.

அதையும் மொழிபெயர்த்தேன். பிறகு ஹெல்காவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அவர் சொன்னார். நான்தான் உங்களிடம் சொல்லவில்லை." அதையே மல்லிகாவிடம் தமிழிலும் சொன்னேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹெல்கா நோட்டை மல்லிகா பக்கம் திருப்பி வைத்து, சரிவை வரைந்து காட்டச் சொன்னார். அதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வரும் தைக்குள் புல் அறுப்பது என்று முடிவானது, எந்த இடம் என்று மல்லிகா காட்டுவார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மேயில் சரிவில் ஏறுவதென்றால் காலை எட்டுக்குள் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மூடிய செருப்பு. தீப்பெட்டி வேண்டவே வேண்டாம். யாருக்காவது மொழிபெயர்க்கப் போனால் முதலில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பேசுகிறவர் முடிக்கும்வரை காத்திருங்கள். புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள்.

கிளம்பும்போது மல்லிகா ஒரு பை நிறைய மல்லாட்டை கொடுத்தார். "ஆஞ்சதுக்குக் கூலி" என்றார். பரவாயில்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.