ரெக்கார்டில் இருப்பது போலவே

எங்கள் இசைக்குழுவுக்கு ஒரே ஒரு பெருமைதான்: ரெக்கார்டில் இருப்பது போலவே வாசிப்போம். கல்யாண வரவேற்பு, சமூக மன்ற விழா, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் தீபாவளிச் சந்தை மேடை, எங்கே கூப்பிட்டாலும் அதே பாட்டு, அதே வேகம், அதே இடத்தில் அதே மூச்சு. ரெக்கார்டில் பாட்டு மெல்லத் தேய்ந்து மறைந்தால் நாங்களும் மேடையில் மெல்லத் தேய்வோம். யாரும் எந்தப் பொத்தானையும் திருகுவதில்லை. ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு, எல்லோரும் ஒரே அளவில் விரலின் பலத்தைக் குறைத்து, கடைசியில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிடுவோம். கூட்டம் அதற்குத்தான் அதிகம் கைதட்டும். எத்தனையோ சனிக்கிழமைகளில், பட்டுப்புடவைச் சரசரப்புக்கும் பிரியாணி வாசனைக்கும் முன்னால் நின்றபடி, நான் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போயிருக்கிறேன்.

நான் வாசிப்பது பேஸ் கிட்டார். குழுவின் தலைவரும் பாடகரும் என் மனைவியின் அண்ணன். விலகுவதென்றால் குழுவிலிருந்து மட்டும் விலக முடியாது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, காதுகுத்து, பொங்கல், குடும்ப வாட்ஸ்அப் எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டும். வாசிப்பதை நிறுத்தவும் மனமில்லை. ஆகவே சுவா சூ காங்கில் வீடு, உட்லண்ட்ஸில் வேலை, வாரக்கடைசியில் மேடை. ஐம்பதை நெருங்கும் வயதில் இந்த மூன்று புள்ளிகளுக்குள் மீன்தொட்டி மீன் மாதிரி திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

உட்லண்ட்ஸ் கிடங்கில் எனக்கு எதிர்மேசைக்காரர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வருபவர். ஒரு மதியம், சாப்பிடும்போது, தன் காதிலிருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"கேளுங்கண்ணே. காலையில பஸ் ஏறும்போது ஆரம்பிச்சது. செக்பாயிண்ட்ல எறங்கி, கியூவுல நின்னு, திரும்ப பஸ் ஏறியும் முடியல லா."

"ஒரே பாட்டா?"

"ஒரே பாட்டு."

"பாடறவன் எங்க?"

"அவன் பாடி முடிச்சு ரொம்ப நேரமாச்சு."

வாங்கிக் காதில் வைத்தேன். ஒரு கிட்டார் எதையோ தேடிக்கொண்டு போனது. கீழே பேஸ் அதற்குத் துணையாகக் கொஞ்ச தூரம் நடந்து, பிறகு தனக்கென்று ஒரு குறுகிய சந்து கண்டுபிடித்துத் திரும்பிவிட்டது. யாரும் அதட்டவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக அந்தச் சந்துக்குள் வந்தார்கள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அமெரிக்காவில் ஜாம் பேண்ட் என்று ஒரு வகைக் குழுக்கள் இருப்பதை அன்றுதான் அறிந்தேன். பாட்டு அவர்களுக்கு ஒரு வாசல். உள்ளே போனபின் எங்கே போய்ச் சேருவோம் என்பது வாசிப்பவர்களுக்கே தெரியாது. நேற்று வாசித்தது போலவே இன்றும் வாசித்தால் அங்கே கூட்டம் முகம் சுளிக்குமாம்.

கதை சொல்லாமல் அந்த நண்பருக்கு நாசி லெமாக் சோறு இறங்காது. கூட்டத்தின் நடுவே ரசிகர்கள் நீளமான கம்பத்தில் மைக்கைக் கட்டி உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்வார்கள் என்றார். குழுவே அதற்கு அனுமதி கொடுக்கும். கேட்டு முடித்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், விற்கத்தான் கூடாது. கம்பம் பிடிப்பவர் இருமக்கூட மாட்டாராம். இன்னொரு ஊரில் கச்சேரி நடுவே கரண்ட் போய்விட்டது. இருட்டில் டிரம்ஸ்காரர் மட்டும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். வெளிச்சம் வந்தபோது பாட்டு இருந்த இடம் வேறு, அவர் போயிருந்த இடம் வேறு. மற்றவர்கள் அவரைத் திருப்பிக் கூப்பிடவில்லை. அவர் இருந்த இடத்துக்கு இவர்கள் போனார்கள். அன்றிலிருந்து அந்தப் பாட்டுக்குள் அந்த இருட்டும் ஒரு பகுதி.

இந்தக் கதைகளைக் கேட்ட பிறகுதான் என் அறை சின்னதாகியது. அதுவரை சுவர் சுவராக இருந்தது. இப்போது சுவருக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. மேடையில் சரணத்துக்கு முந்தைய இசை வரும்போதெல்லாம் விரல் வேறு பக்கம் இழுக்கும். இழுத்துக் கட்டுவேன். ஒருமுறை கட்டு தளர்ந்து ஒரு சுரம் கூடிவிட்டது. மச்சான் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்த பார்வையில் மணமக்களே திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று வயர்களைச் சுருட்டும்போது கேட்டேவிட்டேன்.

"மச்சான், அடுத்த பிராக்டிஸ்ல பத்து நிமிஷம் எனக்குக் குடுங்க."

"எதுக்கு மாப்ள? டூயட் பாடப் போறீங்களா? என் தங்கச்சிகிட்ட சொல்லவா?"

"ஒண்ணு வாசிச்சுப் பாக்கணும். எல்லாரும் சேர்ந்து."

"என்ன பாட்டு?"

"பாட்டு இல்ல மச்சான்."

கீபோர்டுக்காரர் தலையைத் தூக்கினார். "பாட்டு இல்லன்னா? எந்தப் படம்?"

"படமும் இல்ல. நான் ஆரம்பிக்கிறேன். நீங்க கேட்டுட்டு, தோணுறத வாசிங்க."

"தோணுறதா?" மச்சான் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "மாப்ளைக்கு உடம்பு சரியில்ல. சரி, பத்து நிமிஷம். கல்யாணத்துல மட்டும் தோணாம இருக்கணும்."

அந்தப் பத்து நிமிடத்தை நான் பெரிதாக நம்பினேன். அது ஒருமுறை நடந்துவிட்டால் போதும், மிச்ச சனிக்கிழமைகளை எல்லாம் தாங்கிக்கொள்வேன். நடக்காவிட்டால் எனக்கு வேறு கதவு தெரியவில்லை.

எங்கள் பயிற்சி அறை ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் இருக்கிறது. சன்னல் கிடையாது, சுவரெல்லாம் கறுப்பு ஃபோம். அந்த ஞாயிறு மதியம் இரண்டே சுரங்களில் ஆரம்பித்தேன். டிரம்ஸ் தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. கீபோர்டு ஒரு சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. நல்ல வெயிலில் மழை விழப்போகிற மாதிரி ஒரு கணம் இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலை விட்டேன். அது இறங்கி, வளைந்து, ஒரு பழைய பாட்டின் இடையிசை வாசலில் போய் நின்றது.

எல்லோர் முகத்திலும் விளக்கு எரிந்தது. கீபோர்டில் வயலின்கள் எழுந்தன. புல்லாங்குழல்காரர் தன் இடத்துக்குச் சரியாகக் காத்திருந்து சரியாக நுழைந்தார். மச்சான் மைக்கைப் பிடுங்கி இரண்டாம் சரணத்திலிருந்து பாடினார். ஒரு பிசிறில்லை. முடித்துவிட்டு ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

"மாப்ள, இதுதான் சர்ப்ரைஸா! செம்ம லீட். இதையே பொண்ணு மாப்பிள்ளை என்ட்ரிக்கு வெச்சுக்கலாம்."

"இல்ல மச்சான், அந்தப் பாட்டு தெரியாம வந்துருச்சு. திரும்ப ஆரம்பிக்கிறேன்."

திரும்ப ஆரம்பித்தேன். வேறு சுருதி, வேறு தாளம். இந்த முறை வேறு பாட்டு. அவர்கள் அதையும் கண்டுபிடித்து, குதூகலமாக, ரெக்கார்டில் இருப்பது போலவே முடித்துவைத்தார்கள். மூன்றாம் முறை பாட்டு வரும் வழிகளை எல்லாம் தவிர்த்துப் போனேன். தவிர்த்துத் தவிர்த்து ஒரே சுரத்தில் நின்றுவிட்டேன். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. கூப்பிட்ட இடத்துக்குத்தான் வந்தார்கள். கூப்பிட்டது என் விரல். இத்தனை வருடம் மச்சான்தான் கூண்டுக் கம்பி என்று நினைத்திருந்தேன். கம்பி நகத்துக்கு அடியில் இருந்தது.

"முடிஞ்சுதா மாப்ள?"

"முடிஞ்சுது."

மச்சானின் வேனில் வீடு திரும்பினோம். பின்னால் ஸ்பீக்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பேசப் பிடிக்காமல் என் போனை வேனின் ஸ்பீக்கரில் இணைத்து, நண்பர் கொடுத்த அந்த நீண்ட பதிவை ஓடவிட்டேன். விரைவுச்சாலையில் பாட்டு முடிந்து தேடல் தொடங்கியது. நடுவே ஒரு நீளமான தரிசு உண்டு. எப்போதும் அங்கே வந்ததும் விரலால் தள்ளி அடுத்த பாட்டுக்குத் தாண்டிவிடுவேன். அன்று தள்ளவில்லை. கிட்டார் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது. பேஸ் தடுமாறியது. கூட்டத்தில் யாரோ கொட்டாவி விடுவதுகூடக் கேட்கும் போலிருந்தது.

"என்ன மாப்ள இது? ஒண்ணுமே நடக்கல?"

"ஆமா. அவங்களுக்கும் வரல."

"இவங்கதான் பெரிய ஆளுங்களா?"

"இவங்கதான்."

"வரலன்னா நிறுத்த வேண்டியதுதானே? டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருக்கான்ல?"

"நிறுத்த மாட்டாங்க மச்சான்."

அவர் கை ஸ்பீக்கர் பொத்தான் வரை போனது. பிறகு கியரை மாற்றிக்கொண்டு ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியபோதும் அவர்கள் எதையும் கண்டடைந்திருக்கவில்லை.

"கண்டுபிடிச்சாங்களா கடைசியில?"

"தெரியாது. எப்பவும் தள்ளிவிட்டுருவேன். நான் இங்க வந்து நின்னதே இல்ல."

"அடுத்த வாரமும் பத்து நிமிஷம் கேப்பீங்க, அப்படித்தானே?"

"கேப்பேன்."

"அன்னிக்கும் பாட்டுதான் வரும்."

"வரும்."

மச்சான் பெருமூச்சு விட்டார். "பாட்டு வந்தா நான் பாடுவேன் மாப்ள. என்னால சும்மா நிக்க முடியாது." கதவைத் திறந்து இறங்கி, எங்கள் வீட்டில் வைக்கும் ஸ்பீக்கர்களை இறக்கப் பின்பக்கம் போனார். எஞ்சினை அணைக்கவில்லை. நான் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். வேனுக்குள், அந்தப் பதிவில், அவர்கள் இன்னும் அந்த ஒரே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.