கேம் கம்பெனிக்குப் பெண் கேட்டுப் போன கதை

"எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணா, வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க?"

போன வாரம் தவளக்குப்பம் முனையில் லூர்தம்மா என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்ட கேள்வி இது. என் இடுப்பில் குழந்தை, கையில் மருந்துக்கடைப் பை, பக்கத்தில் கடலூர் பஸ் அடிக்கிற ஹாரன். அத்தனை சத்தத்திலும் கேள்வி தெளிவாகக் காதில் விழுந்தது. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று நழுவிவிட்டேன். விசாரிக்க ஒன்றுமே இல்லை. அவருடைய மகள் ஸ்டெல்லா ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு முழுதாகத் தெரியும்.

கிளம்பும்போது ஒரு பொட்டலத்தை என் பையில் திணித்தார். "அவிச்ச மல்லாட்ட. கொயந்தைக்கு நல்லா நசுக்கிக் குடு, தொண்டையில மாட்டிக்கப் போவுது." மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை என்று கேட்டால் கடைக்காரர் நம்மை வெளியூர் என்று நினைத்துவிடுவார். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். ஈரத் தோலும் உப்பும் கலந்த அந்த வாசனை வந்ததும் குழந்தைக்கு உரித்துக் கொடுக்க மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் ஆபீஸின் வாசனை அது. வில்லியனூர் போகிற சாலையில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது அந்த கேம் ஸ்டூடியோ. சாயங்காலமானால் கீழே மல்லாட்டை வண்டி வந்து நிற்கும். யாராவது ஒருவர் இறங்கிப் போய் எல்லாருக்குமாக வாங்கி வருவார். ஒரு கையால் உரித்துக்கொண்டே மறு கையால் புரோகிராம் எழுதுவார்கள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிவா தினமும் கத்துவான்: "டேய், கீபோர்ட கவுத்துத் தட்டுனா ஒரு கொழம்புக்கு உப்பு தேறும்டா!"

நான் அங்கே ஆள் எடுக்கும் வேலையில் இருந்தேன். எம்.பி.ஏ. படித்தவள், அட்டையில் பெரிய பதவிப் பெயர் போட்டிருந்தார்கள். உண்மையில் என் வேலை ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் ஆள் பிடிப்பது. எங்கள் முதலாளி பிரபு சார் வெளிநாட்டு கேம் கம்பெனிகளில் பல காலம் இருந்துவிட்டு, சொந்த ஊரில் ஒன்று தொடங்க வேண்டும் என்று வந்தவர். முதலில் சென்னையிலிருந்து புரோகிராமர்களைக் கூட்டி வந்தார். அவர்கள் சனி, ஞாயிறு கடற்கரையில் நடந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், சலித்ததும் போய்விட்டார்கள். "பீச் பாக்க வர்றவன் வேணாம்மா. இங்கயே பொறந்தவனா புடிச்சினு வா. அவனுக்கு பீச்செல்லாம் எப்பவோ சலிச்சிருக்கும்" என்றார் சார்.

பிடிப்பது கஷ்டமாக இல்லை. எங்கள் பக்கத்தில் இன்ஜினியரிங் படித்தவர்கள் எங்கும் இருந்தார்கள். சோப்புக் கம்பெனியில் பெட்டி கட்டிக்கொண்டு, கூரியர் பையைச் சுமந்துகொண்டு, மாமாவின் ஓட்டலில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு. எனக்குத்தான் புரோகிராம் பற்றி ஒன்றும் தெரியாது. யார் கெட்டிக்காரர் என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்? அதற்கு சார் ஒரே ஒரு கேள்வி சொல்லித் தந்திருந்தார்: "உங்களுக்குத் தெரிந்த ஒரு விளையாட்டை, தெரியாத எனக்குச் சொல்லிக் கொடுங்கள்." எது முதலில், எது அடுத்து, இப்படி ஆனால் என்ன, அப்படி ஆனால் என்ன என்று விடாமல் சொல்கிறவர்கள் புரோகிராமும் எழுதுவார்கள் என்பது அவர் கணக்கு. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு நெட்டைப் பையன் கபடியைச் சொல்லிக் கொடுத்தான். நானும் கடமை தவறாதவளாக மூச்சைப் பிடித்துக்கொண்டு "கபடி கபடி" என்று மேசையைச் சுற்றி ஓடினேன். டைல்ஸ் கடைக்காரர் பதறிப்போய் மேலே ஏறி வந்துவிட்டார்.

ஸ்டெல்லா சொன்ன விளையாட்டு எந்த ஊரிலும் இல்லாதது. அவளும் அவள் தம்பியும் உண்டாக்கியது. கரண்ட் போனால் இருந்த இடத்தில் இருந்தபடியே அசையாமல் நிற்க வேண்டும். கரண்ட் வரும்வரை யார் அசைகிறார்களோ அவர்கள் பாத்திரம் கழுவ வேண்டும். கொசு கடித்தால் சொறியலாமா, தும்மல் வந்தால் என்ன, ஒற்றைக்காலில் நிற்கும்போது கரண்ட் போனால் அடுத்த காலை ஊன்றலாமா, எல்லாவற்றுக்கும் விதி வைத்திருந்தாள்.

"அம்மா கூப்ட்டா?" என்று கேட்டேன்.

"அம்மா கூப்ட்டா ஆட்டம் கலைஞ்சிடும் மேடம். அதுக்கு மட்டும் ரூல் கெடையாது."

அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சார், அவள் போனதும், "இந்தப் பொண்ண வுட்றாதம்மா" என்றார்.

ஆனால் வீட்டில் விடவில்லை. கேம் கம்பெனி என்றால் எங்கள் ஊர்களில் பெற்றவர்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவார்கள். அதனால் வீட்டுக்கே போய்ப் பேசுவது எங்கள் வழக்கமாகியிருந்தது. பாகூர் பக்கத்தில் அவர்கள் ஊர். ஜீன்ஸ் போட்டவரை நம்பமாட்டார்கள் என்று சார் அன்று பட்டு வேட்டி கட்டிக்கொண்டார். "வெறுங்கையோட போவாத" என்று என் அம்மா ஆப்பிளும் இனிப்பும் வாங்கி, அந்த வீட்டு அம்மாவுக்கென்று மல்லிகைப் பூவும் சேர்த்துக் கொடுத்தார். வேட்டி, பழம், பூ, கூட ஒரு பெண். தெரு என்ன நினைக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"ஸ்டெல்லாவ பொண்ணு பாக்க வந்துகிறாங்க!"

"மாப்ள எங்க? இவரா? இன்னாடி, தலையெல்லாம் நரச்சிக் கீது."

"ரெண்டாந்தாரமா இருக்கும், கம்முனு இரு."

அந்தப் பேச்சு எதுவும் காதில் விழாத சார், எல்லாருக்கும் கை கூப்பிச் சிரித்துக்கொண்டே நடந்தார். உள்ளே ஸ்டெல்லாவின் அத்தை அவசரமாக அவளுக்குப் புடவை சுற்றிவிட்டிருந்தார். காபித் தட்டோடு வந்தவள் எங்களைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் பாதிக் காபியைத் தட்டிலேயே கொட்டினாள்.

மீதிக் காபி இருந்த டம்ளரை நான் எடுக்கிறேனா என்று லூர்தம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் நிலத்துக்கு நடவுக்கு வந்தவர் அவர். எங்கள் வீட்டில் அவருக்குத் தண்ணீர் எப்படிக் கொடுப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் குடித்து முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"கேமுன்னா, போன்ல சீட்டு ஆடறாங்களே, அதுவா?"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம்தான் தெரிந்தது, அத்தையின் கணவர், லூர்தம்மாவின் கூடப்பிறந்த தம்பி, போனில் பணம் வைத்துச் சீட்டாடி, ஓட்டிக்கொண்டிருந்த ஆட்டோவையும் விற்று ஆடி, ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர்தான். திரும்பவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

சார் அவசரமாக டேப்லெட்டை எடுத்து எங்கள் விளையாட்டைக் காட்டினார். ஒரு நாரைக்குஞ்சு ஏரியைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். லூர்தம்மா விரலால் தொட்டதும் குஞ்சு சிறகடித்தது. சிரித்துவிட்டார். சிரிப்பு நின்றதும் என் பக்கம் திரும்பினார்.

"அவரு பெரிய மனுசன், பேசிட்டுப் போயிடுவாரு. நீ ஏழுமல பொண்ணுதான? உங்கப்பா ஒரு நாளும் சொன்ன வார்த்த மாறனது இல்ல. நீ சொல்லு."

"பசங்க வெளையாடறது மட்டும்தாம்மா. சீட்டு கெடையாது."

சுவரில் வில்லியனூர் மாதா படம் இருந்தது. லூர்தம்மா அதை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். ஸ்டெல்லா அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். நான் சொன்னது அன்றைக்கு உண்மை. இதை எழுதும்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அன்றைக்கு அது உண்மை.

நாரைக்குஞ்சு போன்களில் வந்தபோது லூர்தம்மா வயலில் எல்லாருக்கும் காட்டினாராம், "எம் பொண்ணு செஞ்ச கொக்கு" என்று. "கொக்கு இல்லம்மா, நாரை" என்று ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் நாரையால் ஒரு மாடியை நடத்த முடியவில்லை. ஏசியை நிறுத்தினார்கள், சம்பளம் தள்ளிப் போனது. பிறகு வெளியூர் கம்பெனி ஒன்றிடமிருந்து ஒரு வேலை வந்தது. சார் எல்லாரையும் கூப்பிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார். சீட்டாட்டம். பணம் வைத்து ஆடுவது. பிடிக்காதவர்கள் சொல்லலாம், கொடுக்க வேறு வேலை மட்டும் இல்லை.

ஸ்டெல்லா மாடிப்படியில் என்னிடம் வந்தாள். எனக்கு அப்போது ஏழாம் மாதம். படியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

"நான் எழுதலன்னா வேற யாராவது எழுதப் போறாங்க. தம்பி இப்பதான் காலேஜ் சேந்துகிறான். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா."

"உங்க மாமா…"

"அது வேற ஆட்டங்கா. இது வேற" என்றாள். அவளே அதை நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. நான் "சரிடி" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் யோசிக்கிறேன். அடுத்த மாதம் விடுப்பில் போனேன். திரும்பிப் போகவில்லை.

அவளுக்கு அங்கே கொடுத்தது என்ன தெரியுமா? ஆடுகிறவர் போதும் என்று வெளியேறப் போகும்போது, "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்?" என்று கேட்கும் பகுதி. அவளே போனில் சொன்னாள். நன்றாகச் செய்திருப்பாள். எதையும் அவள் அரைகுறையாகச் செய்தது இல்லை. என் குழந்தை இப்போது போன் இல்லாமல் ஒரு வாய் சாப்பிட மறுக்கிறாள். போனைப் பிடுங்கப் போனால் திரையில் ஒரு பொம்மை அழுதுகொண்டே "போகாதே" என்கிறது. இதையும் எங்கோ ஒரு மாடியில் ஒரு கெட்டிக்காரப் பெண்தான் எழுதியிருப்பாள், அவளையும் என்னைப் போல ஒருத்திதான் வீடு தேடிப் போய் அழைத்து வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே சோற்றை ஊட்டுகிறேன். "நீ எல்லாத்தையும் போட்டு ரொம்ப யோசிக்கற" என்கிறார் என் கணவர். இருக்கலாம்.

பணம் வைத்து ஆடும் போன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் வந்த செய்தியை லூர்தம்மா டி.வி.யில் பார்த்திருக்கிறார். அடுத்த நாளே அந்த அத்தையையும் கூட்டிக்கொண்டு வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார். அவர் வீடு திரும்பியபோது ஸ்டெல்லா வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தாளாம். வெளியூர் கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது, சார் ஆபீஸை மூடிவிட்டார். "ஆள் கொறைச்சிட்டாங்கம்மா" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த மாடியில் இப்போது ஜிம் நடக்கிறது. மல்லாட்டை வண்டி வருவதில்லை. சிவா, முன்பு பெட்டி கட்டிக்கொண்டிருந்த சோப்புக் கம்பெனிக்கே திரும்பிவிட்டான், கபடிப் பையன் பெங்களூரில் இருப்பதாகக் கேள்வி. நாரைக்குஞ்சைக் குழந்தைக்குக் காட்டலாம் என்று தேடினேன். என் போனில் அதைத் திறக்கும் சின்னப் படம் மட்டும் இருக்கிறது, தொட்டால் வெள்ளையாகத் திறந்து அப்படியே நிற்கிறது. அதை ஓட வைத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களை நிறுத்திவிட்டார்களாம். லூர்தம்மாவிடம் நான் சொன்னதற்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். அதுவும் இல்லாமல் போய்விட்டது.

நேற்று லூர்தம்மா போன் செய்தார். குரலில் சண்டைக்குத் தயாரான தெம்பு.

"யாரோ சொன்னாங்க, லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா கூப்ட்டு விசாரிப்பாங்களாம். திங்கக்கெழம போறேன். நீயும் வா கண்ணு. நீதான எம் பொண்ண கூட்டினு போன, நீயே வந்து சொல்லு, அவ கொயந்தைங்க வெளையாடறதுதான் செஞ்சினு இருந்தான்னு."

உடனே ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். "நீயே சொல்லிடுடி" என்றேன். "சொன்னா அம்மா என்கிட்ட பேசமாட்டாக்கா. அத்தை மொகத்த நான் எப்பிடிப் பாக்கறது? நீ காய்ச்சல்னு சொல்லிடு. அம்மா தனியாப் போனா அங்க ஒண்ணும் பேசத் தெரியாம வந்துடும்" என்றாள்.

லூர்தம்மாவுக்குப் பேசத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆபீஸில் முதல் கேள்வியே, கம்பெனி என்ன செய்தது என்பதாகத்தான் இருக்கும். யாரோ ஒரு அதிகாரி, கையில் இருக்கும் காகிதத்திலிருந்து நிமிராமலேயே பதிலைச் சொல்லிவிடுவார். தன் மகள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் அதைக் கேட்க வேண்டிவரும்.

அதற்கு முன்பே நான் போய்ச் சொல்லிவிட்டால், ஸ்டெல்லாவிடம் "சரிடி" என்றது பொய்யாகும். சொல்லாமல் கூடவே போனால், லூர்தம்மாவுக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொள்ள என்னால் முடியும், அது என் சுபாவத்துக்கு ஒத்துவருவது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் வளர்ந்த மகள் இருக்கிற அம்மாக்கள் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். இப்படி ஒரு சேதி உங்களுக்கு வர வேண்டியிருந்தால், மகள் தானாகச் சொல்லும்வரை காத்திருக்க விரும்புவீர்களா, எவ்வளவு தாமதமானாலும்? அல்லது, உங்கள் வீட்டில் காபி குடித்து வார்த்தை கொடுத்துவிட்டுப் போனவள் வந்து சொன்னால் போதுமா? தயவுசெய்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.